பாடசாலைக் கல்விசாரா ஊழியர்: கூட்டத்துக்கு அழைக்கப்படாதவர்கள்

2024 ஜூன் மாதக் கடைசி வாரத்தை ஆசிரியர்களாகிய நாங்கள் ஒரேயொரு திகதியை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். 26ஆம் திகதி அதிபர், ஆசிரியர் சங்கங்கள் சுகயீன லீவுப் போராட்டம் நடத்தின. கொழும்பு கோட்டையில் கண்ணீர்ப்புகை அடித்தார்கள், நீர்த்தாரை பாய்ச்சினார்கள். அன்று மாலைச் செய்தியும் மறுநாள் பத்திரிகைகளும் அதையே பேசின.

அதற்கு முந்திய இரண்டு நாட்களும், அதாவது 24ஆம், 25ஆம் திகதிகளில், நாடு முழுவதும் பாடசாலைக் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள முரண்பாட்டைத் தீர்க்க வேண்டும் என்பது அவர்களது பிரதான கோரிக்கை. எங்கள் ஆசிரியர் அறையில் அந்த இரண்டு நாளும் பேசப்பட்டது கோரிக்கையைப் பற்றியல்ல. கேற்றை யார் திறப்பது, மணியை யார் அடிப்பது, தண்ணீர்த் தாங்கிக்கு மோட்டரை யார் போடுவது என்பதுதான் பேச்சு. இரண்டு நாளில் விடை கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் எங்கள் போராட்டம் வந்தது, அவர்களின் போராட்டம் மறந்துபோயிற்று.

கல்விசாரா ஊழியர் என்ற பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் என்ன செய்கிறார் என்று அந்தப் பெயர் சொல்லவில்லை, என்ன செய்வதில்லை என்று மட்டும் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு நடுத்தரப் பாடசாலைக்குள் நுழைந்தால் அலுவலகத்தில் ஒரு முகாமைத்துவ உதவியாளர், ஆய்வுகூடத்தில் ஒருவர் (ஆய்வுகூடம் இருந்தால்), நூலகத்தில் ஒருவர், வாசலில் காவலாளி, முற்றத்தில் சிற்றூழியர், மலசலகூடப் பக்கம் சுகாதாரத் தொழிலாளி என்று இருக்க வேண்டும். நான் படிப்பித்த பாடசாலைகள் எதிலும் இந்த ஆறு பேரும் ஒரே காலத்தில் இருந்ததை நான் கண்டதில்லை. மூன்று பேர் இருப்பார்கள், ஆறு பேரின் வேலை நடக்கும்.

அந்த மூன்று பேரும் ஒரே மாதிரி வேலைக்கு வந்தவர்களும் அல்லர். ஒருவர் மாகாண அரசின் நிரந்தர நியமனக் கடிதத்தோடு வந்தவர். அவருக்கு ஓய்வூதியம் உண்டு, வருடாந்த சம்பள ஏற்றம் உண்டு. இன்னொருவர் பல்நோக்கு அபிவிருத்திச் செயலணி மூலம் வந்தவர். 2020இல் கோட்டாபய ராஜபக்ஷவின் அரசு குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த ஒரு இலட்சம் பேருக்கு வேலை என்று அறிவித்து, ஆறு மாதப் பயிற்சிக் காலத்துக்கு மாதம் 22,500 ரூபா கொடுத்து ஆட்களைச் சேர்த்தது நினைவிருக்கும். அவர்களின் திணைக்களம் ஒன்று, வேலை செய்யும் இடம் வேறொன்று. மூன்றாமவருக்கு அரசோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மாதாமாதம் கையில் கொடுக்கும் காசுதான் அவருடைய சம்பளம். கடிதம் இல்லை, சம்பளச் சிட்டை இல்லை, பல இடங்களில் கையொப்பமிட ஒரு பதிவேடும் இல்லை.

மூவரும் பிடிப்பது ஒரே தும்புத்தடி.

இந்த நிலைமை எப்படி வந்தது என்பதற்கு அண்மைக் காலக் காரணம் ஒன்று இருக்கிறது. அரச ஊழியரின் ஓய்வு வயது 2022 ஆரம்பத்தில் 65 ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு பொருளாதார நெருக்கடிக்குள் அது 60 ஆகக் குறைக்கப்பட்டது. 2022 டிசம்பர் 31ஆம் திகதி ஒரே நாளில் பெருந்தொகையானோர் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஆசிரியர்களைப் பற்றி எழுதப்பட்டது, வைத்தியர்களைப் பற்றி எழுதப்பட்டது. இருபத்தைந்து வருடம் ஒரு பாடசாலையின் திறப்புக் கோர்வையை வைத்திருந்தவர் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை, ஏனென்றால் புதிய ஆட்சேர்ப்பும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வெற்றிடத்தை நிரப்பியது அரசு அல்ல. பெற்றோரும் பழைய மாணவரும் சேர்த்த காசுதான் நிரப்பியது.

எங்கள் சமூகத்தின் பாடசாலைகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 1990 ஒக்டோபர் 30 வெளியேற்றத்தோடு மூடப்பட்ட ஒஸ்மானியா, கதீஜா போன்ற பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்டபோது, பழைய மாணவர் தொகையின் ஒரு பங்குகூட திரும்பியிருக்கவில்லை. ஆளணி மாணவர் தொகையை வைத்தே கணக்கிடப்படுகிறது. கட்டடம் பழைய அளவில் நிற்கும், முற்றம் பழைய அளவில் கிடக்கும், கூட்டுகிற ஆள் மட்டும் புதிய கணக்கின்படி வருவார். அப்போது பா.அ.ச. பணத்தில் ஒரு நானாவையோ ராத்தாவையோ வைப்பதைத் தவிர அதிபருக்கு வேறு வழி இருப்பதில்லை. வருகிறவர்களும் பெரும்பாலும் மீளக்குடியேறிய குடும்பங்கள்தான். வேறு வேலை கிடைக்காததால் வந்தவர்கள்.

கடிதம் என்ற ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதி எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறியவர்களில் அரச நியமனம் உள்ளவர்கள் புத்தளம் போய் அங்கே இணைப்புப் பெற்றுச் சம்பளத்தைத் தொடர்ந்த கதையை அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். கடிதம் இல்லாமல் வேலை செய்தவர்கள் அகதி முகாமில் பூச்சியத்திலிருந்து தொடங்கினார்கள்.

இனி தொழில் பாதுகாப்பு என்ற கேள்விக்கு வருவோம். நம் நாட்டில் ஒரு தொழிலாளியைப் பாதுகாக்கச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்துவதானால் அவரது சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ முதலில் பெற வேண்டும் என்கிறது. ஆனால் அது பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்பவருக்கே பொருந்தும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் அதே பதினைந்தில்தான் நிற்கிறது. இரண்டு மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கும் பா.அ.ச. இந்த இரண்டுக்கும் வெளியே. அரச ஊழியருக்கோ வேறு தடை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் அரசை முதலாளியாகக் கொண்ட இடத்தில் செல்லாது என்று அந்தச் சட்டமே சொல்லிவிட்டது. அவர் பொதுச் சேவை ஆணைக்குழுவின் பக்கம் போக வேண்டும். பா.அ.ச. ஊழியர் அங்கேயும் போக முடியாது, அவர் அரச ஊழியர் அல்லவே. தொழில் நியாய சபைக்குப் போகலாம் என்று ஒரு சட்டத்தரணி சொல்லக்கூடும். தன் பிள்ளை படிக்கும் பாடசாலையின் அதிபரை, அதே பள்ளிவாசலில் தொழுகிற செயலாளரை, எதிர்த்து ஒருவர் அங்கே போவாரா என்று அந்தச் சட்டத்தரணியிடம் திருப்பிக் கேட்க வேண்டும்.

நிரந்தரமாக்கும் சுற்றறிக்கைகளும் வந்தன. 2014 ஒக்டோபர் வரவு செலவுத் திட்டத்தைத் தொடர்ந்து வந்த அரச நிர்வாகச் சுற்றறிக்கை 25/2014, தற்காலிக, அமைய, ஒப்பந்த, பதில் அடிப்படையில் இருந்த பெருந்தொகையானோருக்கு நிரந்தர நியமனத்தின் கதவைத் திறந்தது. அந்தக் கதவால் நுழைவதற்கும் முதலில் ஒரு அரச நிறுவனம் கொடுத்த கடிதம் கையில் இருக்க வேண்டும். வடக்கில் தொண்டர் ஆசிரியர்களும் சுகாதாரத் தொண்டர்களும் ஆளுநர் அலுவலகத்தின் முன்னால் எத்தனை நாள் அமர்ந்திருந்தார்கள் என்பதை யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் கண்ணால் கண்டவர்கள். அவர்களிடம் வரவுப் பதிவாவது இருந்தது.

பாதுகாப்பை விடச் சிக்கலானது எனக்குப் படுவது, வேலை எது என்ற கேள்வி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது எத்தனையோ பாடசாலைகள் இடைத்தங்கல் முகாம்களாகின. மக்கள் போன பிறகு வகுப்பறைச் சேற்றை வழித்தது யார்? மலசலகூடக் குழி நிரம்பி வழிந்ததைப் பார்த்தது யார்? பெற்றோரும் வாலிபர்களும் சிரமதானத்துக்கு வந்தார்கள், அதை மறுக்கவில்லை. அவர்கள் ஒரு நாள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். மீதி நாட்களில் வழித்தது அந்த மூன்று பேர்தான். அது அவர்களின் கடமைப் பட்டியலில் இருக்கிறதா, மேலதிக நேரமா, கையுறையும் சப்பாத்தும் யார் கொடுப்பது என்று யாரும் கேட்டதாக நான் அறியவில்லை.

காவலாளியாக நியமிக்கப்பட்டவர் தேநீர் ஊற்றுகிறார். நூலக உதவியாளர் ஆசிரியர் வராத வகுப்பைப் பார்க்கிறார். அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவிப் பெயரோடு பாடசாலைக்கு அனுப்பப்பட்ட பட்டதாரிகள் வருடக்கணக்காகக் கணிதமும் ஆங்கிலமும் படிப்பித்துவிட்டு, எங்களை ஆசிரியர் சேவைக்குள் எடுங்கள் என்று தெருவில் நிற்கிறார்கள். அவர்களுடைய நிலையும் இதே நோய்தான், பதவிப் பெயர் மட்டும் பெரிது. பெயர் ஒன்று, வேலை வேறு, சம்பளம் பெயருக்கு.

மலசலகூடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்கும் சாதிக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரியாததல்ல. சுகாதாரத் தொழிலாளி வெற்றிடம் இருக்கும் பாடசாலையில் ஒரு சிற்றூழியரைப் பார்த்து, “இதையும் கொஞ்சம் பாருங்கோ” என்று சொல்லும்போது அவர் முகம் ஏன் இறுகுகிறது என்பதற்கு அதுவே காரணம். அவர் சோம்பேறி என்று ஆசிரியர் அறையில் சொல்வார்கள். இன்னொரு பக்கம், சுகாதாரத் தொழிலாளியாக இருப்பவரின் பிள்ளை அதே பாடசாலையில் படித்தால் அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதை வகுப்பாசிரியர்கள் அறிவோம். எங்களுக்குள் சாதி இல்லை என்று சொல்லும் நாங்களும் அந்த வேலைக்கு வெளியில் இருந்து ஆள் தேடுவதைக் காண்கிறேன். இவற்றையெல்லாம் ஒரு சுற்றறிக்கை தீர்க்காது. ஆனால் இந்த வேலை இன்னாருடையது, அதற்கு இவ்வளவு கொடுப்பனவு, இன்ன உபகரணம் என்று எழுத்தில் இருந்தால், அதிபரின் வாய்ச்சொல்லுக்கும் ஊழியரின் மனக்கசப்புக்கும் நடுவில் ஒரு கடதாசியாவது இருக்கும்.

இதையெல்லாம் கேட்டு எழுத வேண்டியது தொழிற்சங்கம். யாழ். குடாநாட்டில் அது ஏன் நடப்பதில்லை?

2024 மே மாதம் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. யாழ். பல்கலைக்கழகமும் முடங்கியது. திருநெல்வேலியில் ஒரே வளாகத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக வேலை செய்கிறார்கள், ஒரே கன்ரீனில் தேநீர் குடிக்கிறார்கள், ஒரு கூட்டம் போட அரை மணித்தியாலம் போதும். பாடசாலை ஊழியரோ யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து வலயங்களில் இரண்டு பேராகவும் மூன்று பேராகவும் சிதறிக் கிடக்கிறார்கள். ஊர்காவற்றுறையில் கேற் திறக்கும் ஒருவர் பருத்தித்துறையில் மணி அடிப்பவரை வாழ்நாளில் சந்திக்கப்போவதில்லை.

அடுத்தது, யாரோடு பேசுவது? சங்கங்களின் தலைமை கொழும்பில், அவர்கள் போய் உட்காரும் மேசை பத்தரமுல்லை இசுருபாயவில். தேசிய பாடசாலைகள் தவிர்ந்த எங்கள் பாடசாலைகள் மாகாணத்தின் கீழ். நியமனமும் இடமாற்றமும் மாகாணத்தில். அந்த மாகாணத்திலோ 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு தேர்தலே நடக்கவில்லை. ஏழு வருடத்துக்கு மேலாக, வாக்குக் கேட்டு வீட்டுக்கு வர வேண்டிய மாகாணக் கல்வி அமைச்சர் ஒருவர் எங்களுக்கு இல்லை. ஆளுநருக்கு மகஜர் கொடுக்கலாம். மகஜர் கொடுப்பதும் கலந்தாலோசிப்பதும் ஒன்றல்ல.

லண்டனில் இருக்கும் எங்கள் உறவினர் பலர், குறிப்பாகப் பெண்கள், அங்கே பாடசாலைகளில் வகுப்பறை உதவியாளராகவும் மதிய உணவு மேற்பார்வையாளராகவும் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பிரித்தானியச் சட்டப்படி ஒரே இடத்தில் இருபது பேர் அல்லது அதற்கு மேல் ஆட்குறைப்பு என்றால் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே தொழிற்சங்கத்தோடு கலந்துபேசத் தொடங்க வேண்டும், நூறு பேர் என்றால் 45 நாட்கள். இங்கிலாந்தில் பாடசாலை உதவி ஊழியருக்கென்றே ஒரு பேச்சுவார்த்தைச் சபையை 2009இல் சட்டமாக்கினார்கள். அடுத்து வந்த அரசு அதை இல்லாமல் செய்தது. 2025 டிசம்பரில் நிறைவேறிய தொழில் உரிமைகள் சட்டம் அதை மறுபடி கொண்டுவந்திருக்கிறது. அங்கேயும் பதினைந்து வருடம் இழுத்தடித்தார்கள் என்பதையும் கவனியுங்கள். ஆனாலும் ஒருவருடைய பதவிப் பெயர், வேலை விபரம், சம்பளம் மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேச ஒரு இடம் வேண்டும் என்று அங்கே சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இலங்கை 1972இல் கூட்டுப் பேரம்பேசும் உரிமை பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் 98ஆம் சமவாயத்தையும், 1995இல் சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றிய 87ஆம் சமவாயத்தையும் ஏற்றுக்கொண்ட நாடு. கையெழுத்துக்குக் குறைவில்லை.

இப்போது ஏன் அவசரம் என்றால், கல்விச் சீர்திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது. பாடசாலை நேரத்தை அரை மணித்தியாலம் நீட்டிப் பிற்பகல் 2 மணியாக்கப் போகிறோம் என்று 2025இல் அறிவித்தபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன, புயலுக்குப் பிறகு அது பின்போடப்பட்டது. பிள்ளை 2 மணிக்குப் போனால் பூட்டுகிறவர் எத்தனை மணிக்குப் போவார் என்ற கேள்வி அந்த விவாதத்தில் எங்கும் வரவில்லை. ஐம்பதுக்குக் குறைந்த மாணவர் உள்ள பாடசாலைகளை மீளமைக்கும் பேச்சும் இருக்கிறது. தீவகத்திலும் மீளக்குடியேறிய இடங்களிலும் இப்படியான பாடசாலைகள் எத்தனை என்பது எங்களுக்குத் தெரியும். ஒன்று மூடப்பட்டால் ஆசிரியருக்கு இடமாற்றம், நிரந்தர ஊழியருக்கு இடமாற்றம். பா.அ.ச. ஊழியருக்கு அந்தச் சங்கமே இல்லாமல் போகும்.

அரசை நோக்கிச் சொல்ல வேண்டியது இவ்வளவு. ஆனால் இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களில் பலர் ஏதோ ஒரு பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்திலோ பழைய மாணவர் சங்கத்திலோ பள்ளிவாசல் நிருவாகத்திலோ இருப்பவர்கள். அதாவது நீங்களும் முதலாளிதான். ஜும்ஆவில் கூலியைப் பற்றிய உபதேசத்தை முன்வரிசையில் இருந்து கேட்பவர்களும் நீங்கள்தான்.

கணக்கைப் பார்ப்போம். தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2024இல் 17,500 ரூபா. 2025 ஏப்ரலில் 27,000 ஆனது. 2026 ஜனவரி முதல் 30,000. அரச சேவையில் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ஆகக் கட்டம் கட்டமாக உயர்கிறது. பா.அ.ச. ஊழியருக்குப் பத்தாயிரமும் பன்னிரண்டாயிரமும் கொடுத்துவிட்டு, “பாவம், ஏதோ உதவி” என்று சொல்லும் பாடசாலைகளை நான் அறிவேன். அது உதவி அல்ல, சம்பளம். ஒரேயொருவரை வேலைக்கு வைத்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும் என்பது நாட்டின் பொதுவிதி. முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். 30,000 ரூபா சம்பளத்துக்கு 3,600உம் 900உம் சேர்த்து ஒருவருக்கு மாதம் 34,500 ரூபா. நூற்றைம்பது குடும்பங்கள் உள்ள பாடசாலையில் பகிர்ந்தால் குடும்பத்துக்கு 230 ரூபா. எல்லாப் பெற்றோராலும் முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் பரிசளிப்பு விழாப் பந்தலுக்கும் கேடயத்துக்கும் கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு வருகிறது. அதே நலன்விரும்பிகளிடம் ஒரு வருடச் சம்பளத்துக்கு ஒரு நிதி கேட்டுப் பார்த்தோமா?

அடுத்து, நோன்பு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறை உண்டு. வேலை செய்த நாளுக்குத்தான் காசு என்று வைத்திருக்கும் இடங்களில் பா.அ.ச. ஊழியருக்கு அந்த மாதம் வெறுங்கை. அதுவும் பெருநாள் வரும் மாதத்தில். ஆசிரியருக்குச் சம்பளம் வங்கியில் விழும், முற்றம் கூட்டியவர் ஸகாத் பட்டியலில் பெயர் பதியப் போவார். தன் உழைப்புக்குரியதை அவர் தர்மமாக வாங்க வேண்டியிருக்கிறது. நியமனக் கடிதத்தில் “விடுமுறைக் காலத்துக்கும் சம்பளம்” என்று ஒரு வரி எழுதினால் முடிகிற விடயம் இது. கடிதம்தான் இல்லையே.

சங்கங்கள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் அதிபரும் பா.அ.ச. செயலாளரும் இந்த மூன்று பேரையும் ஒரு பிற்பகல் உட்கார வைத்து, காலையில் எத்தனை மணிக்கு வருகிறீர்கள், என்னென்ன செய்கிறீர்கள், அதில் எது உங்கள் வேலை, எது உங்கள் தலையில் விழுந்தது என்று கேட்டு எழுதலாம். எழுதுவதை அவர்களே வாசித்துக் கையெழுத்திட வேண்டும், வாசிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஆசிரிய கலாசாலையில் பாடத்திட்டம் எழுதவும் கரும்பலகையைப் பிரித்து எழுதவும் பெற்றோரோடு பேசவும் பழக்கினார்கள். அந்தப் பயிற்சியில் கல்விசாரா ஊழியரோடு வேலை செய்வது பற்றி ஒரு பாடவேளைகூட இருந்ததாக எனக்கு நினைவில்லை. அதனால் இதைச் செய்யத் தெரியாது என்று சொல்லும் அதிபரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டு எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் எல்லாப் பாடசாலையிலும் இருக்கிறோம்.

அந்த எழுத்துக்கள் ஐந்து வலயங்களிலிருந்தும் ஒன்றாகச் சேர்ந்தால், எந்தச் சங்கம் ஆளுநரிடமோ இசுருபாயவுக்கோ போனாலும் கையில் கொண்டுபோக ஏதாவது இருக்கும். எங்கள் பாடசாலையின் பொதுக்கூட்டம் நோன்புக்கு முன்னர் நடக்கவிருக்கிறது. நிகழ்ச்சிநிரலில் இதுவரை உள்ளவை விளையாட்டுப் போட்டி, கணக்கறிக்கை, மதில் திருத்தம். பா.அ.ச. ஊழியருக்கு நியமனக் கடிதம் என்று நான்காவது விடயமொன்றைச் சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.